தெற்கு ஏரிக் கூழைக்கடாக்கள்

அருள்தாஸ் அந்தச் சம்பவத்தை நம்பவில்லை. சொன்னது குரு என்பதால் பல வருடங்கள் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

கால்நடை மருத்துவராக இருந்த அருள்தாஸ், ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். குருவான பேராசிரியை சுகந்தவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை "மேடம்" என்பார். அவர் இவரை "சார்" என்பார்.

அந்த வருடம் ஏரிகளில் கூழைக்கடாக்கள் நோயில் விழுந்தன. வடக்கு ஏரிப் பறவைகளின் ரத்தத்திலிருந்து அருள்தாஸ் சில மரபணு அடையாளங்களைக் கண்டெடுத்தார். அந்த ஏரியில் அவை ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே பிரித்துக் காட்டின. அவற்றையே வைத்துத் தெற்கு ஏரிப் பறவைகளின் ரத்தத்தைச் சோதித்தார். அங்கே எல்லாப் பறவைக்கும் ஒரே விடை.

"எல்லாம் ஒரே அச்சு, மேடம். நோய் ஒண்ணைக் கொன்னா அத்தனையையும் கொன்னுடும். பாதியை வலை போட்டுப் பிடிச்சு வேற ஏரிக்கு மாத்தச் சொல்லி வனத்துறைக்கு அறிக்கை எழுதிட்டேன். இன்னைக்கு அனுப்பணும்."

"கூட்டுல குஞ்சு இருக்குமே?"

"இருக்கு." அருள்தாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "பிழைக்காது. எனக்கு வேற வழி தெரியலை."

சுகந்தவல்லி டீயை ஆற்றி அவர் பக்கம் தள்ளினார்.

"நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்ல நடந்த கூத்து தெரியுமா, சார்? எங்க ஊர்ல மூக்குத்தியை வெச்சே ஆளைச் சொல்லிடுவேன். அங்க போனா, எல்லாப் பொம்பளைக்கும் ரெண்டு மூக்குலயும் ஒரே மாதிரி மூக்குத்தி. யாரோ ஒருத்தி கால்ல விழுந்து அத்தைன்னு கூப்பிட்டுட்டேன். மாமியார் பின்னால நிக்கறாங்க!"

அருள்தாஸ் சிரித்துவிட்டார். "அப்புறம் எப்படி அடையாளம் கண்டுபிடிச்சீங்க?"

"மூக்கைப் பார்க்கறதை விட்டேன்."

அருள்தாஸின் சிரிப்பு நின்றது. டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அறிக்கை போகவில்லை. தெற்கு ஏரிப் பறவைகளின் ரத்தத்திலேயே புதிய அடையாளங்களைத் தேடினார். இந்த முறை ஒவ்வொரு பறவையும் வேறாகத் தெரிந்தது. ஏரியில் வலை விழவில்லை. நோயில் சில செத்தன, பல தேறின. குஞ்சுகள் பறந்தன.

சுகந்தவல்லி ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் போட்ட மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தார். துணைக்கு நின்ற அருள்தாஸ் தொண்டையைச் செருமினார்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்குத்தான் கல்யாணமே ஆகலையே. மாமியார் எங்கேருந்து வந்தாங்க?"

சுகந்தவல்லி வெகுநேரம் சிரித்தார்.

"உங்களைத் தனியா முட்டாளாக்க மனசு வரலை, சார். கூட ஒருத்தி வேண்டியிருந்தது."