அரை மூட்டை சிமெண்டு

பேச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்து நாலு. அவருடைய குருவுக்கு முப்பத்து மூன்று.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வயசா வந்து சுவர் கட்டும்? குருவின் பெயர் ஆவுடையம்மாள். பன்னிரண்டு வருஷம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள். "பொம்பளை கையில கொத்தனார் கரண்டி எதுக்கு?" என்று கேட்டவர்கள் எல்லாம் வாயடைத்துப் போகும்படி கொத்தனார் ஆனவள். இப்போது எல்லாருக்கும் அவள் மேஸ்திரியம்மா.

பேச்சிமுத்து தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர். ஊரார் சட்டையில் சுருக்கம் எடுத்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் பதினேழு வாடகை வீடு மாறிவிட்டார். "மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்க" என்று ஒரு வீட்டுக்காரர். "சுவத்துல ஆணி அடிச்சிட்டீங்க, காலி பண்ணுங்க" என்று இன்னொருவர். அவர் மனைவி மாடத்தி பாதிப் பாத்திரத்தைச் சாக்கில் கட்டியேதான் வைத்திருப்பாள். அவிழ்ப்பானேன், மறுபடியும் கட்டுவானேன் என்பாள்.

அப்படிப்பட்ட மனுஷருக்குச் சொந்த வீடு வரப்போகிறது என்றால் சும்மாவா!

ஒரு சங்கம் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலை வாங்கிப் பதினாலு குடும்பங்களைச் சேர்த்தது. மனையும் சாமானும் சங்கம் கொடுக்கும். மெல்ல மெல்லத் தவணையில் அடைத்துக்கொள்ளலாம். கையில் முன்பணம் இல்லாதவர்கள்தானே எல்லாரும், அதனால் முன்பணத்துக்குப் பதில் உடம்பு உழைப்பு. அதுவும் தன் வீட்டுக்கு மட்டும் இல்லை. பதினாலு வீட்டையும் பதினாலு குடும்பமும் சேர்ந்து கட்ட வேண்டும். வேலை தெரியாத அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுக்கத்தான் மேஸ்திரியம்மா வந்திருந்தாள்.

பேச்சிமுத்துவுக்குச் சுவர் வரவில்லை. அவர் கட்டியதை மூன்று தரம் பிரிக்கச் சொன்னாள் குரு. ஆனால் கலவை அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல், பத்து சட்டி ஜல்லி, தண்ணீர் அளந்து. ஒரு கை கூடாது, ஒரு கை குறையாது. அதுவரை கூரைத் தளம் போட்ட நாலு வீட்டுக்கும் கலவை மிஷின் பக்கத்தில் நின்றவர் அவர்தான். "அண்ணாச்சி கலவையை நான் பார்க்க வேண்டியதே இல்ல" என்று மேஸ்திரியம்மாவே சொல்லியிருக்கிறாள்.

ஐந்தாவது தளம் பேச்சிமுத்து வீட்டுக்கு.

அது புரட்டாசி கடைசி ஞாயிறு. காலையிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தேய்த்து வைத்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"காங்கிரீட் போடப் போறீயளா, பொண்ணு பாக்கப் போறீயளா?" என்றாள் மாடத்தி.

"சிரிக்காதளா. இன்னைக்குத் தளம் விழுந்தாத்தான் தைக்குள்ள பூச்சு முடியும். முப்பிடாதி வரணும்ல?"

மாடத்தி சிரிப்பை நிறுத்தினாள். முப்பிடாதி அவர்களுடைய ஒரே மகள். தலைப்பிரசவம் தை மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஆனால் மாமியார்க்காரி கேட்டுவிட்டாள்: "அனுப்பச் சொல்லுதீங்க சரி, எந்த வீட்டுக்கு அனுப்ப?" அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது இரண்டு பேருக்கும். இன்றைக்கு அதைப் பிடுங்கிப் போடும் நாள்.

"அது சரி, இஸ்திரி வண்டி எதுக்கு அங்க?"

"இருக்கட்டும்ளா."

வண்டியின் அடித்தட்டில் போர்வை மூடிக் கிடந்தது. போர்வைக்கு அடியில் ஒரு மூட்டை சிமெண்டு. சங்கத்து மூட்டை இல்லை. அவரே கடையில் வாங்கியது. மாடத்திக்குக்கூடச் சொல்லவில்லை.

பொட்டலில் திருவிழாக் கூட்டம். பதினாலு குடும்பமும் வந்தாயிற்று. பீடி சுற்றும் ஜெபக்கனி ரெண்டு பிள்ளைகளோடு முதல் ஆளாக நின்றாள். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கும் மைதீன் ஏணியில் ஏறிவிட்டார். மேஸ்திரியம்மா மேலே கட்டியிருந்த கம்பியை ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க மிஷின்ல நிக்க வேண்டாம்."

"நான் நிக்காம?"

"அவங்கவங்க வீட்டுத் தளத்துக்கு அவங்கவங்க கலவை போடக்கூடாது. முந்தி நாலு வீட்டுக்காரங்களும் பாயசம்தான் கிண்டினாங்க. நீங்களும் அடுப்புப் பக்கம் போங்க."

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று வந்தது.

"இது எந்த ஊர் நியாயம்? ஊரான் வீட்டுக்கெல்லாம் போட்ட கை, என் வீட்டுக்குப் போடக்கூடாதா? ஏன்னு சொல்லுங்க மேஸ்திரியம்மா. சொன்னாப் போயிருதேன்."

மேஸ்திரியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேற்கே பார்த்தாள். மலைப்பக்கம் கருமேகம் திரண்டு நின்றது. தளம் ஆரம்பித்துவிட்டால் முடிக்காமல் நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்திப் பிறகு போட்டால், சேர்ந்த இடம் காலத்துக்கும் ஒழுகும்.

"சொன்னாப் புரியாது," என்றாள். "மிஷின்லயே நில்லுங்க."

மிஷின் உறுமியது. முதல் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போனது. மேஸ்திரியம்மா அதை வாங்கி ஈசான மூலையில் கொட்டினாள். மாடத்தி போட்ட குலவை சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் யார் யாரை நிறுத்த முடியும்! சட்டி ஏறுகிறது, காலிச் சட்டி பறந்து வருகிறது. "ஏய், இங்க தா!" "கால்ல போடாதடே!" "பிடி, பிடி, பிடிச்சுக்கோ!" வரிசையில் இருபது பேர், ஒருத்தர் கையும் சும்மா இல்லை.

"அண்ணாச்சி, உங்க மாடில வத்தல் காயப்போட எனக்கு இடம் உண்டுமா?" என்று கத்தினாள் ஜெபக்கனி.

"முதல் வத்தலே உன்னதுதான் தாயி!"

"வேட்டியைப் பாருங்க அண்ணாச்சி, இஸ்திரி போட்டாலும் இனித் தேறாது!" என்றார் மைதீன் மேலேயிருந்து.

பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகியிருந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

பாதித் தளம் ஆனபோது இடி இடித்தது. எல்லார் தலையும் வானத்துக்குப் போனது. பேச்சிமுத்து மட்டும் வண்டிப் பக்கம் போனார். போர்வையை விலக்கி, மூட்டையைக் கிழித்து, பாதிச் சிமெண்டைக் கொண்டுவந்து மிஷினுக்குள் கவிழ்த்தார். ஏற்கெனவே போட்ட ஒரு மூட்டையோடு அரை மூட்டை கூடுதல்.

பதினேழு வீட்டு ஒழுகலைப் பார்த்த மனசு அது. கூடக் கிடந்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கலவையின் முதல் சட்டி மேலே போனது. மேஸ்திரியம்மா ஒரு பிடி எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்தாள். கீழே எட்டிப் பார்த்தாள்.

"சட்டி நிக்கட்டும்!"

வரிசை அப்படியே நின்றது.

"இந்தக் கலவை மேல வர வேண்டாம். மொத்தத்தையும் பொதுக் குழாயடியில கொட்டுங்க. அங்க தரை போடாம சேறாக் கிடக்கு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மேஸ்திரியம்மா சொன்னால் சொன்னதுதான். சட்டிகள் குழாயடிக்குத் திரும்பின.

"அண்ணாச்சி, அடுத்ததை அளவாப் போடுங்க. சீக்கிரம். மேகம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

பேச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது. பதினாலு குடும்பத்துக்கு முன்னால் இப்படியா! கண்டபடி கத்த வேண்டும்போல இருந்தது அவருக்கு. ஆனால் கை நிற்கவில்லை. ஆறு சட்டி மணல், பத்து சட்டி ஜல்லி. காற்று புழுதியைக் கிளப்பியது. அடுப்பில் நின்ற மாடத்தியும் கரண்டியைப் போட்டுவிட்டு வரிசையில் வந்து சேர்ந்தாள்.

"இன்னும் எத்தனை சட்டி?" என்று கீழேயிருந்து கூச்சல்.

"முப்பது!"

"இன்னும்?"

"பத்து! விடாதீங்க, விடாதீங்க!"

கடைசிச் சட்டியை மேஸ்திரியம்மா கவிழ்த்து, மட்டப்பலகையை இழுத்து முடிக்கவும் முதல் துளி அவள் கன்னத்தில் விழவும் சரியாக இருந்தது. "தார்ப்பாய்!" என்று கத்தினாள். நாலு மூலைக்கும் நாலு பேர் பாய்ந்தார்கள். நீலத் தார்ப்பாய் தளத்தை மூடிய மறு நொடி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

எழுந்த கூச்சல் இருக்கிறதே! ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த மாதிரி ஆளாளுக்குக் குதித்தார்கள். ஜெபக்கனி மாடத்தியைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். மாடத்தி அழுதுகொண்டே குலவை போட்டாள். பாயசத்தை நனைந்துகொண்டே குடித்தார்கள். மழைத் தண்ணீர் விழுந்து இனிப்புக் குறைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் எல்லாரும் மழைக்கு ஜெபக்கனி வீட்டுக்குள் ஓடினார்கள். முதலில் தளம் போட்டு முடிந்த வீடு அது. தளத்தைத் தாங்கிய முட்டுக்கட்டையெல்லாம் பிரித்தாயிற்று. கதவு மட்டும் இன்னும் வைக்கவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ளே குதிக்கிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

மேஸ்திரியம்மா மழைத் தண்ணீரிலேயே கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்து அவள் எதிரில் வந்து நின்றார்.

"நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டீங்க. அந்த நன்றி சாகிற மட்டும் இருக்கும். ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அத்தனை பேர் முன்னாலயும் என் கலவையைக் கீழ கொட்டச் சொல்லிட்டீங்க."

"ஆமா."

"சங்கத்துச் சாமானை நான் தொடல. அது என் காசு போட்டு வாங்கின மூட்டை."

"தெரியும்."

"கூடத்தானே போட்டேன்? கொறச்சா போட்டேன்?"

"சிமெண்டு கூடினா வெடிப்பு விழும்னு முதல் நாளே சொல்லிக்குடுத்தேனே."

"சொன்னீங்க. இல்லைங்கல. மனசு கேக்கல மேஸ்திரியம்மா. தை மாசம் எம் மக பச்சப்பிள்ளையைப் போட்டுக்கிட்டு அதுக்குக் கீழதான் படுக்கணும். நீங்க சொன்ன அளவு பத்துமோ பத்தாதோன்னு ஒரு பயம்."

மேஸ்திரியம்மா கரண்டியை முந்தானையில் துடைத்தாள். ஜெபக்கனி வீட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்தத் தளத்துக்குக் கலவை போட்டது யாரு?"

"நான்தான்."

"என்ன அளவு?"

"மூட்டைக்கு ஆறு மணல், பத்து ஜல்லி. நீங்க சொன்னதுதான்."

உள்ளே யாரோ ஒரு பிள்ளை விழுந்து எழுந்திருக்க வேண்டும். மற்றவை சிரித்தன. மழை இன்னும் வலுத்தது.

"பத்தாதுன்னா இப்பவே சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் மேஸ்திரியம்மா. "பிள்ளைகளை வெளிய கூப்பிட்டுருதேன்."