காற்றன் அட்டையும் மூன்று மதிப்பெண்ணும்

ஆற்றங்கரைக் காட்டில் கூர்மூக்கன் என்றொரு கீரி இருந்தான். அவன் மனைவி செவந்தி. கரையோரத்து வளை ஒன்றில் குட்டிகளோடு குடியிருந்தார்கள்.

மழைக்காலம் வந்தால் போச்சு! ஆறு பொங்கி வளைக்குள் புகுந்துவிடும். குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேடு தேடி ஓட வேண்டும். போன மழையில் வெள்ளம் கடைக்குட்டியை இழுத்துப் போய்விட்டது. ஏதோ ஒரு வேரில் சிக்கியதால் பிழைத்தது. அன்றிலிருந்து, வானத்தில் கருமேகம் தெரிந்தாலே செவந்தி குட்டிகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

அவர்களிடம் இருந்த ஒரே சொத்து ஒரு பழைய அட்டை!

அது பந்தய வீரர் அட்டை. முன்பு அந்தக் காட்டில் தேனடை வாங்கினால், கூடவே வீரர் படம் போட்ட அட்டை ஒன்று இலவசம். தாவும் மந்தி, நீந்தும் நீர்நாய், பாயும் முயல் என்று எத்தனையோ படங்கள்! அவற்றில் மிக அரிதானது காற்றன் அட்டை. காற்றன் ஒரு திருகுக்கொம்பு மான். பெரும் பந்தயத்தில் சிறுத்தையையே முந்தியவன். அவன் படம் வந்த வருஷம் காட்டில் தேன் குறைச்சல். அதனால் அட்டையும் குறைச்சல்.

கூர்மூக்கன் குட்டியாக இருந்தபோது அவன் அப்பா தேனோடு வாங்கி வந்த அட்டை அது. காற்றன் என்றால் கூர்மூக்கனுக்கு உயிர். அட்டையை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். அதனால் ஒரு மூலை மடங்கிவிட்டது. நடுவில் தேன் கறை வேறு.

இப்போது திடீரென்று பழைய அட்டைகளுக்கு ஒரே கிராக்கி! அட்டை மாற்றிக்கொள்ளும் இடமெல்லாம் சண்டை.

"என் அட்டை புத்தம் புதுசு!"

"போய்யா! இது போலி!"

"உன் கண்ணுதான் போலி!"

அப்போதுதான் தேவாங்கு உருட்டுவிழி மருதமரப் பொந்தில் கடை போட்டாள்.

அவளிடம் அட்டையைக் கொடுத்தால் போதும். மூலைகள் கூராக இருக்கின்றனவா? ஓரத்தில் பிசிறு உண்டா? மேலே கீறல் உண்டா? படம் சரியாக நடுவில் இருக்கிறதா? பெரிய கண்களை இன்னும் பெரிதாக்கிப் பார்ப்பாள். அசலா போலியா என்று சொல்வாள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள். பிறகு, கண்ணாடி போலத் தெளிந்த மரப்பிசினில் உறை செய்து அட்டையை உள்ளே வைத்து மூடிவிடுவாள். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது!

கிளி ஒன்றின் நீர்நாய் அட்டைக்கு ஒன்பது கிடைத்தது. உடனே குரங்குக் கூட்டம் ஒரு கொய்யா மரத்தையே கொடுத்து அதை வாங்கிக்கொண்டது! அதே நீர்நாய் அட்டை ஓர் உடும்பிடமும் இருந்தது. அதற்கு நான்குதான். உடும்புக்குக் கிடைத்தது ஒரு கூடைக் கொய்யா.

"ரெண்டும் ஒரே படம்! ஒண்ணுக்கு மரம், ஒண்ணுக்குக் கூடை! எல்லாம் அந்த மதிப்பெண் செய்யற வேலை!" என்று காடே வாயைப் பிளந்தது.

ஒருநாள் மரங்கொத்தி மரத்துக்கு மரம் தட்டிக்கொண்டே சேதி சொன்னது.

"கேளுங்க, கேளுங்க! கரடி கம்பளியாருக்குக் காற்றன் அட்டை வேணுமாம்! உருட்டுவிழி கையால மதிப்பெண் வாங்கியிருக்கணுமாம்! வர்றதுலயே நல்ல அட்டைக்கு மேட்டுக் குகையைக் கொடுக்கறாராம்!"

மேட்டுக் குகை! எந்த வெள்ளமும் எட்டாத இடம்! செவந்தி துள்ளிக் குதித்தாள்.

"கேட்டீங்களா? குகை நமக்குத்தான்! இந்தக் காட்டுல வேற யார்கிட்ட காற்றன் இருக்கு?"

"என்கிட்ட இருக்கே!" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

மரநாய் மினுக்கன்! கிளையிலிருந்து இறங்கி வந்து தன் அட்டையை நீட்டினான். கூர்மூக்கன் எட்டிப் பார்த்தான். என்ன பளபளப்பு! காற்றனின் கொம்பு முறுக்குகூடப் பளிச்சென்று தெரிந்தது. ஓரங்களில் மட்டும் லேசாகப் பிசிறு.

மினுக்கன் கீரியின் அட்டையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூலை மடங்கியிருக்கு! தேன் கறை வேற! இதை வெச்சுக்கிட்டா குகைக்கு ஆசைப்படறே?"

"உனக்குத்தான் நல்ல மரப்பொந்து இருக்கே, மினுக்கா. குகை எதுக்கு?" என்று செவந்தி கேட்டாள்.

"சும்மா இருக்கட்டுமே! மினுக்கனுக்கு மேட்டுமேல குகைன்னு நாலு பேர் சொல்ல வேண்டாமா?"

ஆனால் மினுக்கனுக்கு அந்தப் பிசிறு உறுத்தியது. எட்டு வரும், ஒன்பதுகூட வரலாம். அது போதுமா? பத்து வாங்கினால்தானே பேர்! நேரே ஆற்றங்கரை நண்டு கத்திரியிடம் ஓடினான். கத்திரியின் கொடுக்கு அவ்வளவு கூர்மை.

"ஓரத்தை லேசா நறுக்கிடு! யாருக்கும் தெரியக் கூடாது!"

கறுக், கறுக், கறுக்! பிசிறெல்லாம் போய், ஓரங்கள் கத்தி மாதிரி ஆகிவிட்டன. மினுக்கன் அதைக் காடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

"எப்படிப்பா இவ்வளவு நேர்த்தியாச்சு?" என்று கூர்மூக்கன் வியந்தான்.

மினுக்கன் பெருமை தாங்காமல் அவன் காதில் உண்மையைச் சொல்லிவிட்டான். "எல்லாம் கத்திரியோட கைவேலை! வெளியே சொல்லாதே!"

கூர்மூக்கன் வீட்டுக்கு வந்து செவந்தியிடம் சொன்னான். அவள் வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"நீங்களும் அந்த மூலையை வெட்டிட்டு வாங்க!"

"அது ஏமாத்து வேலை செவந்தி."

"போன தடவை வெள்ளத்துல நம்ம புள்ள போகப் பாத்துச்சே, அது ஞாபகம் இல்லையா? உங்களுக்கு மூலை முக்கியமா, குட்டிங்க முக்கியமா?"

கூர்மூக்கன் அட்டையைக் கவ்விக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். கத்திரி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"மடிப்பு உள்ளே வரைக்கும் போயிருக்கு. காற்றனோட பின்னங்கால் குளம்பையும் சேர்த்துத்தான் வெட்டணும். பரவாயில்லையா?"

கொடுக்கு அகலத் திறந்தது. கூர்மூக்கன் படத்திலிருந்த காற்றனைப் பார்த்தான். குளம்பில்லாத காற்றனா? அவன் எப்படி ஓடுவான்?

"நிறுத்து! நிறுத்து! வேண்டாம்!"

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். வளை வாசலில் தலையைக் குனிந்து நின்றான்.

"என்னால முடியல, செவந்தி. என்னைத் திட்டு."

செவந்தி ஒருமுறை மேகத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையில் ஒட்டியிருந்த மண்ணை வாலால் மெதுவாகத் தட்டினாள்.

"சரி, இருக்கறதை இருக்கற மாதிரியே கொண்டு போவோம். சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."

மதிப்பெண் போடும் நாள் வந்தது. மருதமரத்தைச் சுற்றி ஒரே கூட்டம்! கிளைகளில் குரங்குகள், கீழே மான்கள், புதரெல்லாம் முயல்கள். கரடி கம்பளியார் நடுவில் உட்கார்ந்து, பொறுமையில்லாமல் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

முதலில் கூர்மூக்கனின் அட்டை. உருட்டுவிழி முகர்ந்தாள். தடவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அட்டை அசல்! அதுல சந்தேகமே இல்லை. மூலை மடிப்பு, நடுவுல கறை. மதிப்பெண் மூன்று!"

"மூணாம்! மூணு!" குரங்குகள் கிளையைக் குலுக்கிக் கொக்கரித்தன. செவந்தி குட்டிகளை அணைத்துக்கொண்டாள். கூர்மூக்கன் தரையையே பார்த்தான். உருட்டுவிழி எதையும் கண்டுகொள்ளாமல் அட்டையை உறைக்குள் வைத்து மூடினாள்.

அடுத்து மினுக்கன்! வாலை உயர்த்திக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"பாருங்க எல்லாரும்! இதுக்குப் பத்து போடலேன்னா அப்புறம் எதுக்குத்தான் போடுவாங்க?"

கூட்டம் 'ஆகா!' என்றது. கம்பளியார் எழுந்தே நின்றுவிட்டார். உருட்டுவிழி மூலைகளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு ஓரத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். கீரியின் அட்டை உறைக்குள் இருந்தது. அதன்மேல் மினுக்கனின் அட்டையை வைத்துப் பொருத்தினாள்.

பொருந்தவில்லை! மினுக்கனின் அட்டை ஒரு மயிரிழை குட்டை!

"ரெண்டும் ஒரே அச்சுல வந்த அட்டை. இது எப்படிச் சின்னதாச்சு?" என்று கேட்டாள் உருட்டுவிழி.

"அது... வெயில்ல சுருங்கியிருக்கும்!"

"அட்டையோட பின்பக்கம் பழுப்பேறியிருக்கு. ஓரம் மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கே! இது புதுசா வெட்டின ஓரம். வெட்டின அட்டைக்கு என்கிட்ட மதிப்பெண் கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது!"

குரங்குகள் எட்டி எட்டி ஓரத்தைப் பார்த்தன.

"ஒரு எட்டாவது போடுங்க அக்கா! ஆறு! சரி, அஞ்சு!" என்று மினுக்கன் கெஞ்சினான்.

"வெட்டாமக் கொண்டு வந்திருந்தா எட்டு போட்டிருப்பேன், மினுக்கா. அழகான அட்டை. நீயே கெடுத்துட்டே."

மினுக்கன் கரடியின் காலைப் பிடித்தான்.

"கரடியாரே! மதிப்பெண்ணை விடுங்க! பளபளப்பைப் பாருங்க! அந்தக் கறை புடிச்சதையா வாங்கப் போறீங்க?"

கம்பளியார் இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்தார். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இதுல மடிப்பு இருக்கு, கறை இருக்கு. உள்ள குறையெல்லாம் எனக்குத் தெரியும். மூணுன்னா மூணு! இதை வெச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குவேன். உன்னோடதை வாங்கினா, இவன் இன்னும் என்னென்ன செஞ்சிருக்கானோன்னு தினம் தினம் யோசிக்கணும். எனக்கு எதுக்கு அந்த வம்பு? கூர்மூக்கா! காற்றனைக் கொடு, குகையை எடுத்துக்கோ!"

கூர்மூக்கனுக்குக் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை. செவந்திதான் முதலில் கத்தினாள். "கிடைச்சுடுச்சு! கிடைச்சுடுச்சுங்க!" குட்டிகள் கும்மாளம் போட்டன. சற்றுமுன் சிரித்த குரங்குகளும் கூடச் சேர்ந்து ஆடின.

மினுக்கன் ஆற்றங்கரைக்குத் தலைதெறிக்க ஓடினான்.

"கத்திரி! கத்திரி! அந்த ஓரத்துத் துணுக்கெல்லாம் எங்கே? திருப்பி ஒட்டிக் கொடு!"

"அதுவா? அப்பவே ஆத்தோட போயிடுச்சே!" என்றது நண்டு.

பிறகு அந்த அட்டையைக் காட்டில் யாரும் சீந்தவில்லை. கடைசியில் ஒரு காட்டுக்கோழிதான், போனால் போகிறதென்று, ஒரு கை நாவல்பழம் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

அந்த வாரமே மழை கொட்டியது. ஆறு பொங்கிக் கரையெல்லாம் முங்கியது. மேட்டுக் குகை வாசலில் நின்று கீரிக்குட்டிகள் தண்ணீரை வேடிக்கை பார்த்துக் கூவின. அன்று முதன்முறையாகச் செவந்தி மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தாள்.

உள்ள குறையை ஒளிக்காமல் காட்டினால் மதிப்பு கொஞ்சம்தான் குறையும். அதை ஏமாற்றி மறைக்கப் போனால் இருக்கும் மதிப்பும் அடியோடு போய்விடும்.