கரடிக் கூண்டுக்கு ஒரு சீட்டு

விலங்குப் பூங்காவுக்குப் புது இயக்குநர் வந்தார். வந்த கையோடு, "கம்ப்யூட்டர்ல இருக்கிற விலங்குப் பட்டியல்ல, ஒவ்வொரு வரியிலயும் முதல் கட்டத்துல என் பேர் வரணும்" என்றார்.

ஆபரேட்டர் அங்கயற்கண்ணிக்கு அலுப்பாக இருந்தது. "கடைசியில சேர்த்துடலாம் சார். எந்த விலங்கை எந்தக் கூண்டுல அடைக்கணும்னு சீட்டு அடிக்கிற பழைய புரோகிராம் முதல் கட்டத்தை விலங்குன்னும் ரெண்டாவதைக் கூண்டுன்னும்தான் படிக்கும்."

"நான் கடைசியா? சொன்னதைச் செய்!"

செய்தாள். கரடியின் சீட்டை மட்டும் அடித்துப் பராமரிப்பாளர் மாசானத்திடம் கொடுத்தாள். மாசானம் சங்கிலியோடு இயக்குநர் அறைக்குப் போனார்.

"விலங்கு: இயக்குநர். கூண்டு: கரடி. இப்படித்தான் போட்டிருக்கு. நடந்தே வந்துடுறீங்களா சார்?"

"கடைசியிலேயே போடும்மா!" என்று இயக்குநர் அலறினார்.

போட்டாள். அங்கே முந்தைய நாலு இயக்குநர்களும் வரிசையாக இருந்தார்கள். பழைய புரோகிராம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.