கடலுக்கு வச்ச எண்ணெய்

"கடலுக்கு எண்ணெய் வச்சா அது கண்ணத் தொறந்து காட்டும், ஆனா..." அந்த ஆனாவுக்கு அப்புறம் என்னன்னுதான் வலைக்காரன் சந்தியாகுக்கு மறந்துபோச்சு. அவன் அப்பா சொல்ற சொலவடை அது. அமலி, முழிச்சிருக்கியா? நீ ம் கொட்டினாத்தான் சித்தப்பா கதை நகரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஆழமில்லாத கடல். அடியில பச்சைப்பசேல்னு கடல்புல்லு. அதை மேய ஒரு ஆவுளியா வரும். கடல்பசுன்னு சொல்வாங்களே, அது. கூடவே அதோட குட்டி. மீன் மாதிரி இல்ல, அதுங்க மேல வந்துதான் மூச்சு வாங்கணும். கீழ கறுக் கறுக், மேல புஸ்ஸ். கறுக் கறுக், புஸ்ஸ்.

அங்கதான் சந்தியாகு நண்டு வலை போடுவான். காத்து அடிச்சா தண்ணி மேல சுருக்கம் விழும், அடி தெரியாது. அவன் அப்பா ஒரு கை மத்தி மீன் எண்ணெயத் தெளிப்பாரு. சுருக்கம் விரிஞ்சு கண்ணாடியா ஆயிடும். இவனுக்கு அந்த வருசம் மத்தி கிடைக்கல. படகு இன்ஜின்ல வடிச்ச கரி ஆயில் ஒரு டின் கிடந்துச்சு. எண்ணெய்னா எண்ணெய்தானேன்னு அதை ஊத்தினான். க்ளக், க்ளக், க்ளக்.

"ம்..."

வானவில்ல உருக்கி ஊத்தின மாதிரி கடல் மினுமினுன்னு படுத்துடுச்சு. அடியில ஒவ்வொரு புல்லும் தெரியுது. தாய் மேயுது, குட்டி அது முதுகுல சாஞ்சு தூங்குது. சந்தியாகு அப்படியே சொக்கிப்போயிட்டான். வலை நிறைய நண்டு வேற.

அப்புறம் வீட்டுல குழம்பு கொதிச்சா ஆயில் வாடை. அவன் பொண்டாட்டி லூர்து, நண்ட எந்தப் பெட்ரோல் பங்க்ல புடிச்சேன்னு கேட்டா. அவன் சிரிச்சுட்டு, ரெண்டாம் நாளும் போய் ஊத்தினான். குட்டியோட மூச்சுல ஒரு கரகரப்பு. புஸ்... கர்ர். அது காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி வலைய எடுத்தான்.

மூணாம் நாள் டின்னச் சாய்க்கப் போறான், அப்போ படகு ஓரமா குட்டி மேல வந்துச்சு. மூக்கு மேல கறுப்பா, பிசுபிசுன்னு. புஸ்ஸு வரல. தாய் கீழேருந்து முட்டி முட்டித் தூக்குது. அப்பவும் வரல.

சந்தியாகு தலைத்துண்ட அவுத்தான். குனிஞ்சு அந்த மூக்கத் தொடச்சான். ஒரு தடவ. ரெண்டு தடவ. மூணாவது தடவ, புஸ்ஸ்ஸ். அவன் மூஞ்சியெல்லாம் தெறிச்சுது, எல்லாம் அவன் ஊத்தின ஆயில் வாடை.

அப்பதான் அப்பா சொன்னதுல மிச்சம் ஞாபகம் வந்துச்சு.

"ஆனா, உன் புள்ள வாயில எத வைப்பியோ அதத்தான் வைக்கணும்."

தாயும் குட்டியும் மெல்ல மெல்லத் தள்ளிப்போயி, ஆயில் படாத தண்ணியில அடிக்கு இறங்கிடுச்சு. கறுக்... கறுக்... கதையும் பின்னாலயே இறங்கிடுச்சு, நீயும் கண்ண மூடு.

"டின்னு என்னாச்சு, சித்தப்பா?"

இன்னும் தூங்கலியா நீ? டின்ன இறுக்கி மூடி, கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தான். தண்ணி மேல சுருக்கம் விழற நாள்ல இனி வலை போடறதில்லன்னு முடிவு பண்ணினான்.