ஆமாம் போட்ட ஓணானும் கொதிக்காத அண்டாவும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மிருகங்கள் வாய் திறந்து பேசினால் யாரும் ஆச்சரியப்படாத காலத்தில், செந்தேரி என்று ஒரு நாடு இருந்தது. எங்கே பார்த்தாலும் சிவப்பு மணல், எங்கே பார்த்தாலும் பனைமரம். ராஜாவின் பெயர் கடம்பராயன். நல்ல ராஜாதான், ஆனால் சாப்பாட்டுப் பிரியர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வம்பெல்லாம் அவருடைய நாக்கிலிருந்துதான் ஆரம்பித்தது.

அந்த நாட்டில் ஒரு மாதா கோயில். கோயிலை ஒட்டிய ஊரில் சவேரியாள், அருளாயி என்று அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். அக்காள் சவேரியாள் சமையலில் புலி. கல்யாணமா, திருவிழாவா, அவள் அண்டா முன்னால் வந்து நின்றால்தான் அடுப்பே பற்றும். தங்கை அருளாயி கலகலவென்று சிரிப்பாள், கைக்கு வந்ததைச் செய்வாள், உப்புப் போட்டோமா இல்லையா என்று பாதியில் மறந்துவிடுவாள்.

ஒருநாள் ராஜா அந்தப் பக்கம் வந்தார். சவேரியாள் விடிவதற்கு முன்பே எழுந்து கறி, கூட்டு, பொரியல், பாயசம் என்று இடுப்பு ஒடியச் சமைத்தாள். கடைசியில் ரசம் வைக்க நேரமில்லை. "அருளாயி, நீ அந்த ரசத்தை மட்டும் கொதிக்க வையேன்" என்றாள்.

ராஜா சாப்பிட்டார். கறியைச் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. கூட்டைச் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தை உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"அடடா! இந்த ரசம் யார் வச்சது?"

அருளாயி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். ராஜா தன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அக்காள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சவேரியாளுக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அவள் அடுப்புகூட அப்படி எரிந்ததில்லை. அருளாயி கரண்டியை அக்காள் வீட்டுக்கே கொண்டுவந்து, "நீதானேக்கா எல்லாம் பண்ணுனே, நீயே வச்சுக்கோ" என்று சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் பொறாமை பிடித்தவளுக்குப் பாசம் எங்கே கண்ணில் படும்? 'எனக்கே பிச்சை போடுறாளோ!' என்று பல்லைக் கடித்தாள். எழுந்தால் கரண்டி, படுத்தால் கரண்டி, திரும்பினால் கரண்டி.

ஒரு மத்தியானம் கொல்லைப்புற வேலியோரம் நின்று, "கூட்டுக்குத் தேங்காய் அரைச்சது நான், பாயசம் கிண்டுனது நான், பேரு மட்டும் அவளுக்கு!" என்று முணுமுணுத்தாள்.

"ஆமாம்" என்றது ஒரு குரல்.

வேலிமேல் ஒரு ஓணான். விரல் நீளம்தான் இருக்கும். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"அவ வேணும்னேதான் கரண்டியை மாட்டிட்டுப் போனா!"

"ஆமாம் தாயி, ஆமாம்."

இத்தனை நாளில் அவள் பக்கம் பேசிய முதல் ஆள். சவேரியாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஓணான் சொன்னது: "நியாயம் உம்பக்கம் இருக்கு, ஆனா உன் சொல்லு எடுபட மாட்டேங்குது. நான் ஒரு வரம் தாரேன். இனிமே கோவத்துல நீ எதைச் சொன்னாலும் அது அப்படியே நடக்கும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். உன் கோவச் சூடு கொஞ்சம் கிடைச்சாப் போதும், குளிர்காஞ்சுக்குவேன்."

சவேரியாள் நம்பவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சேவல் காதுக்குள் வந்து கூவியபோது, "உன் தொண்டை அடைஞ்சு போக!" என்றாள். சேவல் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. வேலியில் ஓணான் உடும்பு அளவுக்கு வளர்ந்திருந்தது.

அடுத்த வாரம் கிணற்றடியில் பெண்கள் கூடி நின்று அருளாயியின் ரசத்தைப் பற்றியே பேசினார்கள். "இந்தக் கிணறு வத்திப் போக!" என்று சவேரியாள் கத்தினாள். வாளி தரையில் முட்டி 'டங்' என்றது. ஓணான் இப்போது கன்றுக்குட்டி அளவு.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. எப்படியாவது கோபத்தை அடக்கிவிட வேண்டும் என்று வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு நடந்தாள். கோபம் வந்தது, தண்ணீரை விழுங்கிவிட்டுத் திட்டினாள். கருப்பட்டித் துண்டை நாக்குக்கு அடியில் வைத்தாள். அது கரைந்தது, கோபம் கரையவில்லை. முந்தானையால் வாயைக் கட்டினாள். கோபம் வந்தால் முடிச்சு எம்மாத்திரம்!

இப்படி இருக்கும்போது மாதா கோயில் திருவிழா வந்தது. திருவிழா முடிவில் அசனம். ஊரே சேர்ந்து ஒரே அண்டாவில் சோறு பொங்கி, ஊரே தரையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அந்த ஊர் அசனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அரிசி அவரவர் வீட்டிலிருந்து வரும், ஆனால் உன் அரிசியை நீ அண்டாவில் போடக் கூடாது. யாரோடு உனக்கு மனஸ்தாபமோ, அவர் கையில் கொடுத்துத்தான் போடச் சொல்ல வேண்டும். மனஸ்தாபமே இல்லாதவர்கள் யார் கையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வருஷம் பூராவும் முறைத்துக்கொண்டு திரிந்த மாமியாரும் மருமகளும் அன்றைக்கு அரிசி முறத்தை, அதுதான் சொளகை, நீட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

சவேரியாள்தான் அந்த வருஷமும் தலைமைச் சமையல். அவள் என்ன செய்தாள்? தன் அரிசியைச் சிநேகிதி மதலேனாள் கையில் கொடுத்தாள். "எனக்கு இந்த ஊர்ல யாரோடயும் ஒரு மனஸ்தாபமும் இல்லம்மா" என்று ஊர் கேட்கச் சொன்னாள். மதலேனாளும் போட்டுவிட்டாள்.

அடுப்பில் தீ எரிந்தது. விறகு தீர்ந்து மறுபடி விறகு வைத்தார்கள். தண்ணீர் கொதிக்கவில்லை. கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் விரலை விட்டுப் பார்த்தார். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"யாரோ மனசுல ஒண்ணை ஒளிச்சு வச்சுக்கிட்டு அரிசி போட்டிருக்காக" என்றார் அவர். ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து அருளாயி வந்தாள். இரண்டு கையிலும் அரிசியை அள்ளி ஏந்தியிருந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, என் அரிசியை நீ போடேன்."

ஊரே திரும்பிப் பார்த்தது. அண்டா கொதிக்காமல் நிற்கும் நேரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தானே! சவேரியாளுக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது.

"ஊர் முன்னால என் மானத்தை வாங்கவாட்டி வந்தே? நமக்குள்ள என்ன மனஸ்தாபம்? நீ கல்லாப் போ!"

சொல்லி முடிக்கவில்லை. அருளாயியின் பாதம் கல்லானது. இடுப்பு கல்லானது. "அக்கா" என்று திறந்த வாயும் கல்லானது. நீட்டிய கையில் இருந்த அரிசி மட்டும் அரிசியாகவே இருந்தது.

சவேரியாள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். கல். கன்னத்தைத் தட்டினாள். கல். "ஏட்டி அருளாயி, ஏட்டி!" என்று கதறினாள். கல் பேசுமா?

கோயிலோர வேலி நொறுங்கியது. ஓணான் வந்தது. திருவிழாச் சப்பரத்தைவிட உயரமாக, தாடை தீயாய்ச் சிவந்து, தலையை ஆட்டிக்கொண்டே வந்தது. "ஆமாம் தாயி, ஆமாம்! அவ செஞ்சதுதான் தப்பு! இன்னும் ஒரே ஒரு கோவம், அப்புறம் நீயும் நானும் ஒண்ணு. ஊரைப் பாரு, எப்படி உன்னைப் பாக்குறாங்க!"

"சூனியக்காரி!" என்று ஒருவர் கத்தினார். சவேரியாளின் நாக்கு நுனியில் சாபம் வந்து நின்றது. தண்ணீரும் கருப்பட்டியும் முந்தானையும் என்ன லட்சணத்தில் உதவின என்று அவளுக்குத் தெரியும். வேறு போக்கிடம் இல்லாமல் கோயில் கோபுரத்துச் சிலுவையை நிமிர்ந்து பார்த்தாள். 'ஆணி அடிச்சவங்களைக்கூட அவர் சபிக்கலையே. மன்னிக்கத்தானே சொன்னாரு' என்று நினைத்தாள்.

"சேசுவே, என்னால முடியல. என் நாக்கை நீங்க பிடிச்சுக்கோங்க."

சாபம் தொண்டைக்குள் இறங்கியது.

"கூடப் பிறந்தவளையே கொன்னுட்டாளே பாவி!" என்று இன்னொருவர். மறுபடி கோபம் வந்தது. "சேசுவே, என்னால முடியல. என் நாக்கை நீங்க பிடிச்சுக்கோங்க."

மூன்றாவதாகச் சிநேகிதி மதலேனாளே முன்னால் வந்து, "என் கையையும் அழுக்காக்கிட்டியேடி!" என்று அவள் முகத்தில் சாம்பலை வீசினாள். அதுதான் ரொம்ப வலித்தது. கண்ணில் சாம்பலோடு சவேரியாள் மண்டியிட்டாள். "சேசுவே, என்னால முடியல. என் நாக்கை நீங்க பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டார். ஆனால் கட்டிப்போடவில்லை. இத்தனை நாளாக அவள் சொல்ல வெட்கப்பட்டதைச் சொல்ல வைத்தார்.

"எனக்குப் பொறாமை" என்றாள் சவேரியாள், ஊர் முழுக்கக் கேட்க.

ஓணானுக்குத் தலையாட்டியே பழக்கம். அவள் எதைச் சொன்னாலும் ஆட்டித்தானே இத்தனை பெரிதாக வளர்ந்தது! "ஆமாம்" என்று ஆட்டிவிட்டது. ஆட்டியதும் பாதியாகச் சுருங்கியது.

"அவ எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. தப்பு எம்மேலதான்."

ஓணான் கழுத்தை விறைத்துப் பார்த்தது. முடியவில்லை. "ஆமாம்" என்றது. கன்றுக்குட்டி அளவானது.

"அவ வச்ச ரசம் நல்லாருந்துச்சு. எனக்கு அது தெரியும். அதான் எரிஞ்சுது."

"ஆமாம், ஆமாம், ஆமாம்!" என்று அழுதுகொண்டே ஆட்டியது ஓணான். விரல் நீளத்துக்கு வந்ததும் கல் இடுக்கில் புகுந்து ஓடிப்போனது.

சவேரியாள் எழுந்து, தங்கையின் கல் கையிலிருந்த அரிசியைத் தன் கையில் வாங்கி அண்டாவில் போட்டாள். தண்ணீரில் ஒரு குமிழ் வந்தது. பிறகு வீட்டுக்கு ஓடி இன்னொரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு வந்து, அந்தக் கல் கையில் வைத்தாள்.

"இது என் அரிசி. எனக்கு உன்மேலதான் மனஸ்தாபம் இருந்துச்சு. நீ போட்டாத்தான் ஆகும். போடுட்டி."

ஒன்றும் நடக்கவில்லை. சவேரியாள் அவசரப்படவில்லை, அதட்டவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அதட்டாமல் காத்திருந்தது அன்றைக்குத்தான். அவள் கண்ணீர் கல் கைமேல் விழுந்துகொண்டே இருந்தது.

மெதுவாக ஒரு விரல் அசைந்தது. கை திரும்பியது. அரிசி அண்டாவுக்குள் விழுந்தது. அண்டா தளதளவென்று கொதித்தது! கிணற்றில் தண்ணீர் பொங்கியது, சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கொக்கரக்கோ என்றது, அருளாயி, "அக்கா, கால் மரத்துப்போச்சுக்கா" என்று சிணுங்கினாள். சவேரியாள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மதலேனாள் வந்து முந்தானையால் அவள் முகத்துச் சாம்பலைத் துடைத்துவிட்டாள்.

ஆனால் ஒன்று. அருளாயியின் வலது சுண்டுவிரல் மட்டும் கல்லாகவே இருந்தது. எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை. "போகட்டும்க்கா, சுண்டுவிரல்தானே" என்றாள் அவள். சவேரியாளுக்கு மட்டும் அது ஏன் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

வாசனை பிடித்துக்கொண்டு ராஜா வந்து சேர்ந்தார். வராமல் இருப்பாரா? அசனத்தில் ராஜாவுக்கும் தரைதான், இலைதான். சோறு, சாம்பார், அவியல், அருளாயி வைத்த ரசம் என்று எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தார். சாம்பாரை மட்டும் மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டார்.

"சவேரியாள், இந்தச் சாம்பார் உன் கைப்பக்குவமா? பிரமாதம்! சொல்லு, இன்னைக்குப் பந்தியில எது ஒசத்தி? நீ சொல்றதுக்கு நான் பரிசு தாரேன்."

இத்தனை நாள் எதற்கு ஏங்கினாளோ, அது வாய்க்கு எதிரே வந்து நின்றது. சொன்னால் போதும். அந்தப் பழைய எரிச்சல் ஒரு நொடி தலைதூக்கியது, மறைக்க மாட்டேன். வேலிப் பக்கம் ஏதோ சரசரத்தது. சவேரியாள் உதட்டுக்குள் சேசுவின் பேரைச் சொன்னாள். தங்கையின் குளிர்ந்த சுண்டுவிரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"ரசம்தான் ராசா. என் தங்கச்சி வச்சது. எனக்கு அப்படி வைக்க வராது."

சொன்னாள், சொல்லிவிட்டு மூச்சுவிட்டாள். வேலியில் யாரும் ஆமாம் போடவில்லை.

ராஜா இன்னொரு வெள்ளிக் கரண்டியை எடுத்துச் சவேரியாளிடம் நீட்டினார். "ரசத்துக்கு அன்னைக்கே கொடுத்தாச்சு. இது இப்போ நீ சொன்ன சொல்லுக்கு" என்றார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கைக்குள் இருந்த சுண்டுவிரல் கதகதவென்று சூடாகி, மெல்ல மடங்கி அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.