கனத்த தூண்டிலும் காணாத மீனும்

ஏற்காட்டு எஸ்டேட் முதலாளி சபாபதி, சுறாவே பிடிக்கலாம் என்கிற கனத்தில் ஒரு வெளிநாட்டுத் தூண்டிலோடு தன் எஸ்டேட் குளத்தங்கரையில் உட்கார்ந்தார். மதியம்வரை ஒன்றும் சிக்கவில்லை.

"குளத்து மீனையெல்லாம் வித்துட்டியா? இன்னிக்கே வேலையை விட்டுப் போ," என்று குளத்துக் காவல்காரர் மாசிலாமணியிடம் சீறினார்.

"போயிடறேங்க. மீனே இல்லாத குளத்துல, முள்ளுல வச்ச மாவை யாருங்க தின்னாங்க?"

முதலாளி தூண்டிலைத் தூக்கினார். முள் வெறுமையாக இருந்தது.

"கெண்டை சின்னதுங்க. இந்தக் கனத்துல அது கடிக்கிறது கைக்குத் தெரியாது," என்ற மாசிலாமணி, வேலியோரம் மெல்லிய மூங்கில் குச்சி வெட்டி, தூண்டில் நரம்பும் சின்ன முள்ளும் கட்டி, மாவு வைத்துக் கொடுத்தார். "இதுக்குக் காசும் வேண்டாமுங்க."

சற்று நேரத்தில் குச்சி துடித்தது. விரல் நீளக் கெண்டையைப் பார்த்து முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"நாளைக்கும் ஒண்ணு வெட்டி வைய்யா."

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் மாசிலாமணிக்கு மூச்சு வந்தது.