ஏட்டில் இல்லாத பெயர்

துறைமுக ஊரின் புதிய ஆலயத்துக்குத் தேவதாருக் கதவு பொருத்திய வருடம் இது நடந்தது.

ஆலயம் கட்டுவதற்கு முன் சபை ஒரு மாடி அறையில் கூடியது. கீழே, மீனை உப்பில் ஊறப் போடும் கிடங்கு. ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மீன் வாசனையோடுதான் வீடு திரும்புவார்கள். அறைக்குக் கதவு கிடையாது. ஒரு சாக்குத் திரை மட்டும் தொங்கியது. பேரரசர் மாறி, படைவீரர்களுக்குப் பயந்த காலம் முடிந்தபின் கல்லால் ஆலயம் எழும்பியது. பல வருடம் அதன் வாசலுக்குக் கதவு இல்லை. பிறகு ஒரு கப்பல்காரரின் விதவை கதவைக் காணிக்கையாகக் கொடுத்தாள். நல்ல கனமான கதவு. மூடினால் உள்ளே பாடுவது வெளியே கேட்காது. வெளியே அழுவது உள்ளே கேட்காது.

சபையின் மூப்பர் பெயர் பிலெகோன். அவருடைய சீடன் ஊர்பான், சபையின் வாசகன். வயது இருபத்தாறு.

வேண்டாத பிள்ளைகளை ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் வைத்துவிட்டுப் போவது அந்த ஊராரின் வழக்கம். விடிந்ததும் போய்ப் பார்ப்பது சபையாரின் வழக்கம். அப்படி ஒரு மழைநாளில் பிலெகோன் எடுத்து வந்த பிள்ளைதான் ஊர்பான்.

பெயர் ஏடு ஊர்பானிடம் இருந்தது. இரண்டு மரப்பலகைகளைக் கீலால் இணைத்திருந்தார்கள். ஒரு பலகையில் உயிரோடு இருக்கும் மூப்பர்களின் பெயர்கள். மறு பலகையில் சபையில் இறந்தவர்களின் பெயர்கள். ஞாயிறுதோறும் அப்பம் பிட்குமுன் ஊர்பான் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பான். ஒரு பெயரும் விடுபடாது, ஓர் எழுத்தும் பிசகாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கதவு வருமுன்பிருந்தே, ஐந்து வருடமாக, ஆலய வாசலுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். பெயர் பெர்சியாள், கயிறு வியாபாரியின் மனைவி. இரண்டு மகள்களுக்குப் பிறகு மூன்றாவது முறை கருவுற்றபோது மருந்து குடித்து அதைக் கலைத்தவள். மருந்தை வாங்கி வந்தவன் கணவன். அவன் சபையைச் சேர்ந்தவன் அல்ல. அதனால் அவன் எந்தக் கதவுக்கு வெளியேயும் நிற்க வேண்டியிருக்கவில்லை. பெர்சியாள் சபையைச் சேர்ந்தவள். யாரும் கேட்காமல் தானே வந்து மூப்பரிடம் சொன்னாள்.

முன்பெல்லாம் அந்தக் குற்றத்துக்குச் சாகும்வரை வெளியே நிற்க வேண்டும். பல சபைகளின் தலைவர்களான ஆயர்கள் கூடிப் பேசி அதைப் பத்து வருடமாகக் குறைத்திருந்தார்கள். வெளியே நிற்பவர்கள், உள்ளே போகிறவர்களைப் பார்த்து, “எனக்காக ஜெபியுங்கள்” என்று கேட்டுக்கொள்வார்கள். பெர்சியாள் ஐந்து வருடமாக அதைக் கேட்டாள். வேறொன்றும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஊர்பானை நிறுத்தினாள். அவள் கணவன் கடல் கடந்து வேறொரு துறைமுகத்தில் கடை போடுகிறானாம். திங்கட்கிழமை கப்பல். போகிற ஊரில் சபையே கிடையாது. நாளை மறுநாள்தான் இந்த வாசலில் அவளுக்குக் கடைசி ஞாயிறு.

“பதறாதே தம்பி, உள்ளே விடச் சொல்லவில்லை” என்றாள். “என் பிள்ளையை ஒரே ஒரு முறை வாசித்துவிடு. அது போதும்.”

ஊர்பான் பொறுமையாக விளக்கினான். ஞானஸ்நானம் பெற்று இறந்தவர்களின் பெயர்தான் ஏட்டில் ஏறும். பிறக்காததற்கு ஞானஸ்நானம் இல்லை. பெயரும் இல்லை. பெயரே இல்லாததை எப்படி வாசிப்பது?

“அது ஓர் உயிர் என்றுதானே என்னை இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?”

“ஆமாம், சகோதரி.”

“சரி. நான் வெளியே நிற்கிறேன். அது எங்கே நிற்கிறது?”

ஊர்பான் அவசரமாக வாய்க்கு வந்ததைக் கேட்டான். கருவில் உருவம் முழுமையாக வந்திருந்ததா, எத்தனை நாள் ஆகியிருந்தது என்று கேட்டான். சில மருத்துவர்கள் அப்படி நாள் கணக்குச் சொல்வதை அவன் கேள்விப்பட்டிருந்தான்.

பெர்சியாள் அவனைக் கோபிக்கவில்லை. “அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. என் கணக்கு வேறு. பிறந்திருந்தால் இந்தத் திராட்சை அறுவடைக்கு நாலரை வயது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுகிற வயது” என்றாள்.

மறுநாள் காலை ஊர்பான் மூப்பரைத் தேடிப் போனான். பிலெகோன் ஆலய முற்றத்தில் பயறு ஆய்ந்துகொண்டிருந்தார். குப்பைமேட்டுப் பிள்ளைகள் பதினோரு பேர் அப்போது சபையின் வீட்டில் வளர்ந்தார்கள். அவர்களுக்கான பயறு அது. ஊர்பான் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டான்.

“ஐயா, உருவம் வருவதற்கு முன் அது ஒரு பிள்ளைதானா?”

பிலெகோன் கையிலிருந்த கல்லைத் தூர எறிந்தார். “வா, ஒரு சாடி வாங்க வேண்டும்” என்று எழுந்தார்.

இருவரும் பழைய வீட்டுக்குப் போனார்கள். கீழே இன்னும் மீன் கிடங்குதான். மாடியும் இப்போது கிடங்காகிவிட்டது. மாடிக்கு ஒன்பது படிகள். அந்த நாட்களில் நாலாவது படி கிறீச்சிடும். அதை மிதித்தால் தெருவுக்குக் கேட்கும் என்று எல்லாரும் தாண்டித்தான் ஏறுவார்கள். புதிய சொந்தக்காரன் படிகளை எல்லாம் கல்லாக மாற்றியிருந்தான். ஆனாலும் மூப்பரின் கால் நாலாவது படியைத் தாண்டியது. பின்னால் வந்த ஊர்பானின் காலும் தாண்டியது. இருவரும் அதைக் கவனித்தார்கள்.

மேலே, திரை தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. ஊர்பான் சுவரைத் தடவிப் பார்த்தான். சிறுவயதில் அவன் தூங்கிப்போகும் மூலையில் இப்போது சாடிகள் அடுக்கியிருந்தன. ஒருமுறை விளக்கெண்ணெயைத் தட்டிவிட்டு அந்த மூலையில்தான் ஒளிந்துகொண்டான். விளக்கு அணைந்தாலும் ஜெபம் நிற்கவில்லை. இருட்டிலேயே பாடி முடித்தார்கள். அப்போது அறையில் முப்பது பேர் இருந்தாலே கூட்டம். இருமினால் யார் இருமியது என்று எல்லாருக்கும் தெரியும்.

“இந்த அறையில் நீ ஒருநாள் எல்லாரையும் சிரிக்கவைத்தாய். நினைவிருக்கிறதா?” என்று கேட்டார் பிலெகோன்.

“இல்லையே.”

மூப்பர் சொன்னார். வீரர்கள் சபையாரை வீடு வீடாகத் தேடிய வருடங்கள் அவை. பலரைப் பிடித்துத் தண்டனையாகச் சுரங்க வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் இருக்கிறார்களா, செத்தார்களா, தெரியாது. சிலர் மலையில் ஒளிந்திருந்தார்கள். திரைக்கு அப்பால் யார் நின்று கேட்கிறார்கள் என்றும் தெரியாது. அதனால் சுரங்கத்துக்குப் போனவர்கள், ஒளிந்தவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாது. அப்போதைய வாசகர் ஏட்டில் இருக்கிற பெயர்களை வாசித்துவிட்டு, கடைசிப் பெயருக்குப் பிறகு அப்படியே நிற்பார். பத்து மூச்சு, பதினைந்து மூச்சு. அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த பெயரை மனதுக்குள் வைப்பார்கள்.

“உனக்கு நாலு வயது. என் மடியில் இருந்தாய். எல்லாரும் மூச்சை அடக்கி நிற்கிறோம். நீ வாசகரைப் பார்த்து, ‘தாத்தாவுக்கு மறந்துபோச்சா?’ என்று கேட்டாய்.”

ஊர்பான் சிரித்துவிட்டான். மூப்பரும் சிரித்தார்.

“இரண்டு பிள்ளைகளையும் சுரங்கத்துக்குக் கொடுத்த ஒருத்தி அன்று இங்கே இருந்தாள்” என்றார். “அவளும் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.”

கீழே யாரோ சாடியை உருட்டும் சத்தம் கேட்டது. ஊர்பான் மூப்பரிடம் திரும்பினான்.

“ஐயா, அவர்களுக்குப் பெயர் இருந்தது. நாம்தான் சொல்லாமல் மறைத்தோம். பெர்சியாளின் பிள்ளைக்குப் பெயரே கிடையாது.”

“குப்பைமேட்டில் நான் குனிந்து பார்த்தபோது நீ நீலம் பாரித்துக் கிடந்தாய். உனக்குப் பெயர் இருந்ததா?”

“இல்லை.”

“ஞானஸ்நானம்?”

“இல்லை.”

“நீ பிழைப்பாய் என்று யாராவது சொன்னார்களா?”

“இல்லை.”

“பின்னே நான் எதற்காகக் குனிந்தேன்?”

ஊர்பான் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், அப்படியானால் நாளைக்கு அவளை உள்ளேயே விட்டுவிடலாமே என்று.

“விடலாம். ‘நீ செய்தது சின்ன விஷயம்’ என்று சொல்லித்தான் விட வேண்டும். அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளையும் சின்ன விஷயமாகிவிடும். அவளே வரமாட்டாள். கேட்டுப் பார்.”

“போகிற ஊரில் சபை இல்லையே?”

“ஒரு கடிதம் கொடுத்தனுப்புவேன். என்றைக்காவது அங்கே ஒரு மூப்பர் வருவார். ஐந்து வருடம் நின்றுவிட்டாள் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.”

கீழே இறங்கும்போதும் இருவரும் அந்தப் படியைத் தாண்டினார்கள். மூப்பர் காலிச் சாடிகளில் மிகக் கனமானதைத் தேர்ந்தெடுத்தார். ஊர்பான் அதைத் தோளில் சுமந்து வந்தான்.

ஞாயிறு காலை ஆலயத்துக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். தேவதாருக் கதவு அகலத் திறந்திருந்தது. அது மூடிக்கொள்ளாதபடி ஒரு மீன் சாடியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவைக் கொடுத்த விதவை சாடியைச் சுற்றிவந்து பார்த்தாள். இதுவும் யாராவது கொடுத்த காணிக்கையா என்று மரியாதையாகக் கேட்டாள். முன்பு அந்த மாடியில் கூடியவர்கள் சிலர் மட்டும் அந்த வாசனையை ஆழமாக இழுத்துக்கொண்டார்கள்.

பெர்சியாள் வழக்கமான இடத்தில், வாசற்படிக்கு வெளியே நின்றாள். “எனக்காக ஜெபியுங்கள்” என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டாள். ஊர்பான் அவளைக் கடந்து உள்ளே போனான்.

அப்பம் பிட்கும் நேரம் வந்தது. ஊர்பான் ஏட்டைத் திறந்து பெயர்களை வாசித்தான். ஒரு பெயரும் விடுபடவில்லை. கடைசிப் பெயர் வந்தது. அதையும் வாசித்தான்.

பிறகு, ஏட்டை மூடாமல் நின்றான்.

இளையவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் விட்ட இடத்தைச் சுட்டிக்காட்டுவதற்காக ஊர்பானின் தோள்மேலாக எட்டிப் பார்த்தான். அங்கே எழுத்து முடிந்துபோயிருந்தது. மாடி அறையை அறிந்த ஒரு கிழவர் முதலில் தலை குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் குனிந்தார். சுவரோரம் நின்ற ஒருத்தியின் உதடுகள் அசைந்தன. முப்பது வருடமாக அவள் உள்ளே வைத்திருந்தது எதுவோ, யாருக்கும் தெரியாது.

கடல் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு செருப்பு கல்லில் உரசியது. அதன்பின் பெர்சியாளின் குரல் வந்தது. அவள் அழவில்லை. ஒரு சின்னச் சொல் சொன்னாள், யாரையோ விளையாட்டிலிருந்து உள்ளே கூப்பிடுவதுபோல. என்ன சொல் என்று ஒருவருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

ஊர்பான் ஏட்டை மூடினான்.

திங்கட்கிழமை துறைமுகத்தில் அவன் மூப்பரின் கடிதத்தைப் பெர்சியாளிடம் கொடுத்தான். அவளுடைய மகள்கள் இருவரும் கயிற்றுச் சுருள்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் சுமைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டாள்.

“நேற்று ஒரு கணம், உனக்கு இடம் மறந்துபோச்சோ என்று பயந்துவிட்டேன் தம்பி” என்றாள்.

“மறக்கவில்லை, சகோதரி.”

“தெரியும். அப்புறம் தெரிந்துகொண்டேன்” என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஊர்பான் முற்றத்துக்கு வந்தபோது மூப்பர் மறுபடி பயறு ஆய்ந்துகொண்டிருந்தார். ஊர்பானும் எதிரே உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டான். வாசலில் சாடி இன்னும் இருந்தது. அதைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று விதவை ஆள் விட்டுக் கேட்டிருந்தாள். ஊர்பான் அதைச் சொன்னான். மூப்பர் கேட்டுக்கொண்டார்.

“ஐயா, ஒன்று கேட்கிறேன். வாசலில் இப்போது அவள் இல்லை. நாளைக்கும் ஏட்டின் முடிவில் நான் நிற்க வேண்டுமா?”

பிலெகோன் தலை நிமிரவில்லை. பயறிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கித் தனியே வைத்தார்.

“அன்று பெயரை மனதில் வைத்தவர்களில் கப்பலில் போனது அவள் மட்டும்தானே” என்றார்.